பென்சில் கோட்டுக்கு மேலே

பெற்ற மகளை, அதுவும் நடக்க முடியாத மகளை, எங்கேயோ ஒரு வீட்டில் கொண்டுபோய்த் தள்ளிவிட்டு வந்துவிட்டாள் தையற்காரம்மா என்று முதலில் சொன்னவர் லாண்டரிக்காரர்தான். கண்ணால் பார்த்தாராம். மத்தியானப் பஸ்ஸில், டிரைவருக்குப் பின் சீட்டில், மடியில் ஒரு பையை வைத்துக்கொண்டு அந்த அம்மாள் மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாளாம். பஸ்ஸை ஓட்டியதும் வேறு யாரும் இல்லை, அவள் புருஷனேதான். அவரும் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம்.

லாண்டரிக்காரர் கையில் கொடுத்த சட்டை கொடுத்த மாதிரியே திரும்பி வரும். அவர் வாயில் விழுந்த செய்தி அப்படி வராது. மருந்துக்கடைக்குப் போய்ச் சேருவதற்குள் அந்த வீடு அநாதை விடுதி ஆகிவிட்டது. முடி வெட்டும் கடைக்கு வரும்போது, "எங்களுக்குப் பிள்ளையே இல்லை" என்று தகப்பன் பத்திரத்தில் கையெழுத்தே போட்டுவிட்டார். மறுநாள் காலையில் அந்தப் பெண் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு "அம்மா, அம்மா" என்று கதறுவதாகக் கேள்வி. அந்த வீட்டு ஜன்னலுக்குக் கம்பியே கிடையாது.

அழுகை நிஜம். பை நிஜம். பஸ்ஸும் நிஜம். மற்றதெல்லாம் வாய்க்கு வந்த சரக்கு. நடந்ததை ஒழுங்காகச் சொல்ல வேண்டுமானால் ஒரு டம்ளர் டீயிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அந்தப் பெண்ணுக்குத் தெருவில் 'கரண்ட்டு' என்று பெயர். கரண்ட் போனால் புகார் சொல்ல ஒரு நம்பர் இருக்கிறதே, அதில் "சொல்லுங்க" என்று எடுப்பது அவள்தான். வயது இருபத்தாறு. பிறந்ததிலிருந்தே கால் இரண்டும் சொன்ன பேச்சுக் கேட்காது. வலது கை பாதி கேட்கும். அந்தக் குறையைச் சரிக்கட்ட நாக்கு மட்டும் மூன்று ஆள் வேலை பார்க்கும். "எப்பம்மா கரண்ட் வரும்?" என்று கத்துகிறவர்களிடம், "எங்க ஆபீஸ்லயும் இல்லைங்க, உங்களோட சேர்ந்து நானும் காத்திருக்கேன்" என்று அவள் சொன்னால், கத்தினவர் சிரித்துவிட்டுப் போனை வைப்பார்.

அவளை வளர்த்தவிதம் அப்படி இப்படி இல்லை. அம்மா பள்ளிக்கூடச் சீருடை தைப்பவள். மகளைப் பதினாலு வயதுவரை இடுப்பில் தூக்கிக்கொண்டுபோய் மூன்றாவது மாடி வகுப்பில் உட்கார வைத்துவிட்டு வருவாள். மணி அடித்ததும் போய்த் தூக்கி வருவாள். தூக்கித் தூக்கி அம்மாவின் இடது இடுப்பு ஒரு அங்குலம் சாய்ந்தே போயிற்று. தையற்காரி அல்லவா, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் தன் பாவாடையை இடப்பக்கம் ஒரு அங்குலம் தூக்கி வெட்டிக்கொண்டாள். நின்றால் விளிம்பு நேராகத் தெரியும். அது லாண்டரிக்காரருக்குக்கூடத் தெரியும். இஸ்திரி போடுகிறவர் அவர்தானே.

மகளுக்குத் தாகம் எடுப்பதற்குள் தண்ணீர் வந்து நிற்கும். தும்மல் வருவதற்கு முன்னால் கைக்குட்டை வரும். அப்படி ஒரு வேகம். அதனால்தான் அந்த வினை வந்தது.

வேலையில் சேர்ந்த முதல் வாரம், பக்கத்து மேசைக்காரி எல்லோருக்கும் டீ போட எழுந்தாள். "உனக்குச் சர்க்கரை எவ்வளவு?" என்று கேட்டாள்.

கரண்ட்டு யோசித்தாள். யோசித்துக்கொண்டே இருந்தாள். கடைசியில், "அம்மாவைக் கேட்டுச் சொல்றேன்" என்றாள்.

அறையே சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள், அவள் ஜோக் அடித்ததாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் அன்று முழுவதும் யாருக்குக் கரண்ட் போனது, யாருக்கு வந்தது என்று அவள் காதில் ஏறவில்லை. இருபத்தாறு வருஷம் டீ குடித்திருக்கிறாள். எவ்வளவு சர்க்கரை பிடிக்கும் என்று தெரியாது.

அந்த வாரமே வீடு பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

முதலில் பார்த்தது ஒரு விடுதி. வாசலில் சாய்வுப் பாதை, அகலக் கதவு, எல்லாம் சரி. விடுதியம்மாள் கையைப் பிடித்துக்கொண்டு, "இங்க எல்லாரையும் குழந்தை மாதிரி பார்த்துக்குவோம்மா. எட்டு மணிக்குச் சாப்பாடு, ஒன்பது மணிக்கு விளக்கு அணைச்சுடுவோம்" என்றாள்.

"எங்க வீட்லயும் அப்படித்தாங்க பார்த்துக்கறாங்க. அதுக்குத்தான் வேற இடம் தேடறேன்" என்று கரண்ட்டு வண்டியைத் திருப்பிவிட்டாள். வண்டி என்று அவள் சொல்வது அவளுடைய சக்கர நாற்காலியை.

அடுத்து வாடகை வீடுகள். ஒன்றில் வாசலுக்கு நாலு படி. ஒன்றில் குளியலறைக் கதவு வண்டியின் அகலத்தில் பாதி. இன்னொன்றில் எல்லாம் சரியாக இருந்தது, வீட்டுக்காரர் மனசு மட்டும் குறுகல். "தனியாவா? ஏதாவது ஆயிட்டா எனக்கு வம்பு" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

அதற்கப்புறம்தான் அந்த அமைப்பைப் பற்றிக் கேள்விப்பட்டாள். அவளைப் போன்ற இளவயதுக்காரர்கள் தனியாகக் குடியிருக்கப் பழகுவதற்கென்றே தரைத்தளத்தில் ஆறு வீடுகள் வைத்திருந்தார்கள். காலையில் ஒரு மணி நேரம் ஒரு அக்கா வந்து குளிக்க உதவுவாள். வெள்ளிக்கிழமை தோறும் மேற்பார்வை மேடம் நோட்டுப் புத்தகத்தோடு வருவார். ஆபத்துக்குக் கழுத்தில் ஒரு மணி தொங்கும், அமுக்கினால் ஆள் வரும். மூன்று மாதம் தாக்குப்பிடித்தால் வீடு அவள் பெயருக்கே ஒப்பந்தமாகும். தாக்குப்பிடிக்காவிட்டால் வரிசையில் காத்திருக்கும் நாற்பது பேரில் அடுத்தவருக்குப் போய்விடும். வீடு ஆபீஸிலிருந்து இரண்டே தெரு.

அம்மா மூன்று நாள் பேசவில்லை. நாலாவது நாள் பேசினாள். "நான் செத்தா போயிட்டேன்?"

"நீ இருக்கும்போதே பழகிக்கறேம்மா. அப்புறம் யார்கிட்ட சந்தேகம் கேக்கறது?"

அப்பா வாயைத் திறந்தார். அது அபூர்வம். "பஸ் ஓட்டவே ஆறு மாசம் பழக்கினாங்க. குடும்பம் நடத்த மூணு மாசம் கொடுக்க மாட்டியா?"

"நீங்க சும்மா இருங்க" என்றாள் அம்மா. அவர் சும்மா இருந்தார். ஆனால் சாமான்களை ஏற்ற வண்டி பிடித்து வந்தது அவர்தான்.

குடி போவதற்கு முன்னால் தச்சர் வந்தார். அளவு நாடாவை எடுப்பார் என்று பார்த்தால், காதில் இருந்த பென்சிலை எடுத்தார். "தங்கச்சி, வண்டியில உக்காந்தபடியே கையை எவ்வளவு தூரம் நீட்ட முடியுமோ நீட்டு" என்றார். அவள் நீட்டினாள். விரல் நுனி தொட்ட இடத்தில் சுவரில் ஒரு கோடு. கொஞ்சம் நகர்ந்து இன்னொரு கோடு. இப்படியே சமையலறை, அலமாரி, குளியலறை, வாசல் தாழ்ப்பாள் என்று வீடு முழுக்க ஒரே மட்டத்தில் ஒரு பென்சில் கோடு ஓடியது.

"இதான் உன் உசரம். உனக்கு வேண்டியதெல்லாம் இதுக்குக் கீழதான். மேல எதையும் வைக்காதே, யாரையும் வைக்க விடாதே."

அடுப்பு மேடையைத் தாழ்த்தினார். கொக்கிகளை இறக்கினார். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே ஒரு பழைய சிமெண்டுத் தட்டு இருந்தது, அதை உடைத்தால் சுவரே வந்துவிடும் என்று விட்டுவிட்டார். "அது பல்லிக்கு. அதுவும் எங்கயாச்சும் குடியிருக்கணும்ல?" என்றார். கிளம்பும்போது கோட்டை அழிக்கட்டுமா என்று கேட்டதற்கு, "இருக்கட்டும் அண்ணே" என்றாள் கரண்ட்டு. சுவரில் தன்னுடைய அளவைப் பார்க்க அவளுக்குப் பிடித்திருந்தது.

முதல் இரண்டு வாரம் கூத்துதான். சோறு ஒருநாள் குழைந்தது, ஒருநாள் கருகியது. முட்டை உடைத்தால் பாதி மடியில். ஆபீஸுக்கு அவள் வந்தாலே இன்றைக்கு என்ன சமையல் என்று மேசைக்காரி அவள் பாவாடையைப் பார்த்தே சொல்லிவிடுவாள். ஆனால் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டாள். முதல் நாள் மூன்று கரண்டி சர்க்கரை போட்டுப் பார்த்தாள், பாகு. மறுநாள் சர்க்கரையே இல்லை, கஷாயம். அளந்து அளந்து, பத்தாவது நாள் வந்து நின்றது ஒன்றரை கரண்டி. மேசைக்காரியிடம் போய், "ஒன்றரை" என்று மட்டும் சொன்னாள். என்னவோ வாய்ப்பாட்டில் முதல் பரிசு வாங்கின மாதிரி முகம்.

அதற்கப்புறம்தான் வீடு ஒரு மாதிரியாக நடந்துகொள்ள ஆரம்பித்தது.

காலையில் தொட்டியில் போட்டுவிட்டுப் போன பாத்திரம் சாயங்காலம் கழுவி இருக்கும். தரை துடைத்திருக்கும். வெள்ளிக்கிழமை மேடம் வந்து, "பாத்திரமெல்லாம் பளபளன்னு இருக்கே! ரொம்ப முன்னேற்றம்" என்று நோட்டில் எழுதினார். கரண்ட்டுக்குச் சந்தோஷப்படுவதா முழிப்பதா என்று தெரியவில்லை. காலையில் வரும் அக்காவைக் கேட்டாள். "எனக்கு ஒரு மணி நேரத்துல உன்னைக் குளிப்பாட்டவே போதல. நான் எங்க பாத்திரம் தேய்க்கறது?" என்றாள் அந்த அக்கா.

அது மட்டுமா. கழுவின பாத்திரமெல்லாம் எங்கே இருந்தது தெரியுமா? பல்லிக்கென்று விட்ட அந்த மேல்தட்டில். ஒன்றின்மேல் ஒன்றாக, ஒழுங்காக, கோட்டுக்கு முழுசாக இரண்டு அடி மேலே. வீடு பளபளத்தது. டீ போடப் பாத்திரம் இல்லை.

இரண்டு நாள் ரொட்டியை மென்றுகொண்டு சமாளித்தாள். மூன்றாம் நாள் வியாழக்கிழமை. ஆபீஸிலிருந்து வந்தாள், பசி. தரை துடைக்கும் கட்டையை எடுத்து மேல்தட்டில் நெம்பினாள். பாத்திரம் வந்தது. ஒற்றையாக வரவில்லை, குடும்பத்தோடு வந்தது. தலையைக் காப்பாற்ற உடம்பைச் சாய்த்தாள், வண்டி ஒரு பக்கம் போயிற்று, அவள் ஒரு பக்கம் போனாள்.

தரையில் கிடந்தாள். எலும்பு ஏதும் முறியவில்லை, முழங்கையில் சிராய்ப்பு. கழுத்து மணி கைக்கருகிலேயே இருந்தது. அமுக்கவில்லை. அமுக்கினால் மேடம் வருவார், நோட்டு வரும், 'விழுந்தாள்' என்று அதில் ஏறும், வீடு போய்விடும். இப்படி நினைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். கீழே கிடந்து பார்க்கும்போது பென்சில் கோடுகூட எட்டாத உயரத்தில் தெரிந்தது.

தலையைத் திருப்பினாள். சிதறின பாத்திரங்களுக்கு நடுவில் துண்டு துண்டாகத் துணி கிடந்தது. ஒரு பாத்திரம் இன்னொன்றைக் கீறாமல் இருக்க இடையில் வைக்கும் துணி. நீலக் கட்டம் போட்ட சீருடைத் துணி. ஓரம் மடித்துத் தைத்தது.

உலகத்தில் பாத்திரத்துக்கு இடையில் வைக்கும் துணிக்கு ஓரம் அடிக்கும் ஆள் ஒருத்திதான்.

கரண்ட்டு மணியை அமுக்கினாள்.

மேடம் பத்து நிமிஷத்தில் வந்துவிட்டார். தூக்கி உட்கார வைத்தார், சிராய்ப்பைத் துடைத்தார். நோட்டைப் பிரித்தார்.

"விழுந்ததை எழுதப் போறீங்களா?"

"விழறதுக்கெல்லாம் நாங்க மார்க் குறைக்கறதில்லைம்மா. நான் தினமும் விழறேன், எனக்கு நல்ல காலு ரெண்டு இருக்கு. விழுந்தா மணி அடிக்கறீங்களான்னுதான் பார்ப்போம். அடிச்சீங்க. ஆனா பாத்திரம் எப்படி அங்க போச்சு?"

பொய் சொல்ல அவளுக்கு வாய் வரும். சொல்லவில்லை. "சாவி ரெண்டுதானே மேடம்? ஒண்ணு என்கிட்ட, ஒண்ணு உங்க ஆபீஸ்ல. மூணாவது ஒண்ணு ஊர்ல சுத்துது."

மேடத்துக்குப் புரிந்தது. பேனாவை மூடினார். "வீட்டு ஆள் வந்து செஞ்சுட்டுப் போறாங்கன்னு எழுதினா, உங்களுக்குத் தனியா இருக்கத் தெரியலைன்னு ஆயிடும். வீடு அடுத்த ஆளுக்குப் போயிடும். அடுத்த வெள்ளி வரைக்கும் நான் எதையும் பார்க்கல. அதுக்குள்ள அந்தச் சாவி என் கையில இருக்கணும்."

செவ்வாய்க்கிழமை அரைநாள் லீவு போட்டாள். விளக்கை அணைத்துவிட்டுச் சமையலறையில் காத்திருந்தாள். காலை பதினோரு மணிக்கு வாசலில் பஸ் நின்று போகும் சத்தம். இரண்டு நிமிஷத்தில் பூட்டு திறந்தது.

அம்மா உள்ளே வந்தாள். கையில் பை, பைக்குள் தேய்க்கிற நார், துடைக்கிற துணி. விளக்கைப் போட்டாள். மகளைப் பார்த்தாள். பை நழுவியது.

"ஆபீஸ் போகலையா கண்ணு? உடம்புக்கு என்ன?"

"திருடனைப் பிடிக்கலாம்னு உக்காந்திருக்கேன். திருடன் பஸ்ல வருவான்னு தெரியாம போச்சு. டிரைவரும் கூட்டா?"

"அவர் என்ன பண்ணுவாரு, பாவம். நான்தான் நிறுத்தச் சொன்னேன்." அம்மாவின் கண் மகளின் முழங்கையில் போய் நின்றது. "என்னடி இது?"

"நீ அடுக்கி வச்ச பாத்திரம்."

அம்மா மேல்தட்டைப் பார்த்தாள். சுவரில் ஓடும் கோட்டைப் பார்த்தாள். அது எதற்கென்று அவளுக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. இரண்டு வாரமாக ஏதோ பென்சில் கிறுக்கல் என்று ஈரத்துணி வைத்து அழிக்கக்கூடப் பார்த்தாள், போகவில்லை. இப்போது மகள் கையை நீட்டிக் காட்டினாள். விரல் நுனி கோட்டில் போய்ச் சரியாக நின்றது.

அம்மா பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "உனக்குக் கஷ்டம் வேண்டாம்னுதாண்டி… உனக்குத் தெரியாம செஞ்சுட்டுப் போயிடலாம்னு…"

"எனக்குத் தெரியாம செஞ்சா, எனக்குச் செய்யத் தெரியுமான்னு எனக்கே தெரியாம போயிடும்மா. உக்காரு. டீ போடறேன்."

அம்மா எழுந்தாள்.

"உக்காருன்னேன்."

உட்கார்ந்தாள். டீ ஆக இருபது நிமிஷம் ஆயிற்று. மகள் பாத்திரத்தை மடியில் வைத்துத் தண்ணீர் பிடித்தாள், வண்டியைத் திருப்பினாள், அடுப்பில் ஏற்றினாள். வலது கை நடுங்கித் தூள் கொஞ்சம் சிந்தியது. அம்மாவின் கை மூன்று தடவை தானாக எழுந்தது. நாலாவது தடவை எழாமல் இருக்க, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"சர்க்கரை எவ்வளவும்மா?"

திரும்பிப் பார்த்தாள். அம்மா யோசித்துக்கொண்டிருந்தாள். முப்பது வருஷமாக அப்பாவுக்குப் போட்டு, மகளுக்குப் போட்டு, பாத்திரத்தில் மிஞ்சினதை நின்றுகொண்டே குடித்தவள். இந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை.

"தெரியலையேடி" என்றாள், குழந்தை மாதிரி.

கரண்ட்டுக்குச் சிரிப்பு வந்தது. "சரி, ஒன்றரைல ஆரம்பிப்போம். எனக்கு அதான் சரியா வருது."

அம்மா ஒரு வாய் குடித்தாள். "ரெண்டு இருந்தா நல்லா இருக்கும்" என்றாள் மெதுவாக, ஏதோ கேட்கக்கூடாததைக் கேட்டவள் போல. மகள் இன்னும் அரைக் கரண்டி போட்டுக் கலக்கிக் கொடுத்தாள்.

"பதினாலு வயசு வரைக்கும் என்னைத் தூக்கினே. உன் இடுப்பு சாஞ்சது எனக்குத் தெரியாதுன்னு நினைக்காதே. உன் பாவாடையை எத்தனை தடவை மடிச்சு வச்சிருக்கேன். நீ தூக்கலைன்னா நான் படிச்சிருக்க மாட்டேன், இந்த வேலை இல்ல, இந்த வீடும் இல்ல. போதும்மா. இறக்கி வச்சுடு. நான் உக்காந்துக்கறேன்."

அம்மா டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, சாமான் இறக்கின அன்று ரகசியமாகப் போட்டுக்கொண்ட கள்ளச்சாவியை எடுத்து மேசையில் வைத்தாள். கோட்டுக்குக் கீழே.

"ஞாயித்துக்கிழமை வா. மணி அடி. நான் வந்து திறக்கற வரைக்கும் நில்லு."

"ரொம்ப நேரம் ஆகுமா?"

"ஆகும். நில்லு."

கொண்டுவந்த பையைத் தூக்கிக்கொண்டு அம்மா போனாள். திரும்பி வந்த அப்பாவின் பஸ்ஸில் ஏறினாள். சாவி இல்லாத முந்தானையைத் தொட்டுப் பார்த்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. பின்னால் இரண்டாவது சீட்டில் லாண்டரிக்காரர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை அவள் கவனிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மேடம் சாவியை வாங்கிக்கொண்டார். தொட்டியை எட்டிப் பார்த்து, 'நாலு பாத்திரம் கழுவாமல் கிடக்கிறது. நல்லது' என்று நோட்டில் எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தது. கரண்ட்டு போய்த் திறக்க மூன்று நிமிஷம் ஆயிற்று. அம்மா அசையாமல் நின்றிருந்தாள், அப்பா அவளுக்குப் பின்னால். அம்மா கையில் நீலக் கட்டத் துணியில் தைத்த ஒன்று. மடியில் கட்டிக்கொள்ளலாம், பாத்திரம் சாயாமல் உட்கார மூன்று ஆழமான பை. நேரே கட்டிவிடவில்லை. நீட்டிக்கொண்டு நின்றாள்.

"வேணுமா?" என்று கேட்டாள்.

பிறந்ததிலிருந்து அம்மா அவளிடம் கேட்ட முதல் 'வேணுமா' அது. "வேணும்மா" என்று கரண்ட்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அன்றைக்கு டீ மூன்று தினுசு: ஒன்றரை, இரண்டு, அப்பாவுக்குச் சர்க்கரை இல்லாமல். அவருக்கு அதுதான் பிடிக்குமாம். முப்பது வருஷமாகச் சொல்ல மறந்துவிட்டாராம்.

மூன்றாம் மாதக் கடைசியில் ஒப்பந்தம் வந்தது. அவள் பெயர் மட்டும். இடது கையால் கையெழுத்துப் போட்டாள். தச்சரைக் கூப்பிட்டுச் சொன்னாள். "கோடு அழியாம இருக்கா தங்கச்சி?" என்றார் அவர். "எங்கம்மாவே தேய்ச்சும் போகல அண்ணே."

அதற்கு அடுத்த வாரம் ஒருநாள் புகார் போன் அடித்தது.

"ஹலோ, லாண்டரி கடைங்க. ஒரு மணி நேரமா கரண்ட் இல்ல, இஸ்திரிப் பெட்டி ஐஸ் மாதிரி கிடக்கு… இரு, இந்தக் குரல்… நம்ம தையற்காரம்மா பொண்ணா? கரண்ட்டு! ஐயோ, எப்படிம்மா இருக்கே? பெத்தவளே உன்னைக் கொண்டுபோய் வெளிய தள்ளிட்டாளாமே, ஊரே பேசுது. எனக்கு மனசே ஆறல."

"அண்ணே, எங்கம்மா என்னை வெளிய தள்ளல. நான்தான் சாவியைப் பிடுங்கிட்டு எங்கம்மாவை வெளிய அனுப்பினேன். உங்க புகார் நம்பர் முன்னூத்திப் பதினாறு, எழுதிக்குங்க."